பட்டாளம் தந்த நோய்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பெரியப்பா வீட்டுப் பட்டாசலில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி உண்டு. மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஆர்மி நம்பர், ரேங்க், பெயர். 24 வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு 1999-ல் ஹவில்தாராக ஊர் திரும்பினார். பெட்டியோடு ரத்தக்கொதிப்பும் கூட வந்தது. காலையில் காப்பிக்கு முன்னால் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, கடைசி வரைக்கும்.

அவர் காலமான பிறகு பெரியம்மாவின் குடும்ப பென்ஷனுக்காக அந்தப் பெட்டியைக் கிளறினேன். டிஸ்சார்ஜ் புக்குக்கு அடியில் நாலாக மடித்த ஒரு கடிதம் கிடந்தது. ரத்தக்கொதிப்பு பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல, உடல்வாகால் வந்தது, ஆகவே ஊன பென்ஷன் கிடையாது என்று ஓர் அலுவலகம் எழுதியிருந்தது. கடைசி வரியில், ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் இருந்தது. அந்த வரியைப் பெரியப்பா படித்திருப்பார். ஆனாலும் மடித்து வைத்துவிட்டார். முன்பு ஒருமுறை நான் கேட்டபோது, "சண்டையில அடிபட்டவனுக்குத்தாம்லே அதெல்லாம். நான் லாரி ஓட்டுனவன்" என்றார்.

அன்றிலிருந்து இந்தக் காகிதங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அம்பை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், பாளையங்கோட்டை என்று தாமிரபரணிக் கரையெங்கும் பட்டாளத்துக்காரர்கள் இருக்கிறார்கள். மடித்த கடிதத்தோடு வந்து உட்காருகிறவர்களிடம் திரும்பத் திரும்ப அதே நம்பிக்கைகளைக் கேட்கிறேன். பெரும்பாலானவை தவறு. சில பாதி உண்மை; அவை இன்னும் அதிகமாகக் கெடுக்கின்றன.

"சண்டையில அடிபட்டவனுக்குத்தான்"

போரிலோ எதிரியின் தாக்குதலிலோ காயம்பட்டவருக்குப் போர்க்காய பென்ஷன் என்று தனியாக ஒன்று உண்டு. அதன் விகிதமும் கூடுதல். ஊன பென்ஷன் வேறு. அதற்குக் குண்டு பாய்ந்திருக்க வேண்டியதில்லை. நோய் போதும். அந்த நோய் பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே இருந்தது பணியால் கூடியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். இரண்டும் இல்லை என்று எழுதுவதைத்தான் பட்டாளத்தில் 'நானா' என்று ஆங்கிலச் சுருக்கமாகச் சொல்வார்கள். ஊனத்தின் அளவு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை.

காது கேளாமை, முதுகெலும்புத் தேய்மானம், வலிப்பு, மனநோய், இதய நோய், ரத்தக்கொதிப்பு எல்லாவற்றுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. லாரி ஓட்டியவருக்கும், சமையல்கட்டில் நின்றவருக்கும், கிளார்க்காக இருந்தவருக்கும்தான்.

"மருத்துவக் குழு எழுதிட்டா அதுக்கு அப்பீல் ஏது?"

இங்கேதான் பலபேர் நின்றுவிடுகிறார்கள். டாக்டர்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எதிர்த்து ஒரு நாயக் என்ன பேசிவிட முடியும் என்ற மலைப்பு அது.

2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னதை ஒவ்வொரு முன்னாள் படைவீரர் வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவர் 1985-ல் சிக்னல் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தவர். ஏறக்குறைய ஒன்பது வருஷப் பணிக்குப் பிறகு வலிப்பு நோய் என்று சொல்லி, 20 சதவீத ஊனத்தோடு அனுப்பிவிட்டார்கள். உடல்வாகால் வந்தது, பணிக்குச் சம்பந்தமில்லை என்றது மருத்துவக் குழு. பெரியப்பாவின் கடிதத்தில் இருந்ததும் இதே சொல்தான்.

நீதிமன்றம் யோசித்த விதம் எளிமையானது. ஆளெடுக்கும்போது நெஞ்சளவு எடுத்து, கண், காது, பல் எல்லாம் பார்த்து, தகுதியானவன் என்று எழுதித்தானே சேர்த்துக்கொண்டீர்கள்? அன்றைக்கு எந்த நோயையும் குறித்து வைக்கவில்லையே? அப்படியானால் அவன் முழு ஆரோக்கியத்தோடு வந்தான் என்றுதான் கொள்ள வேண்டும். உடல்நலக் காரணத்தால் அவனை வெளியே அனுப்பினால், அந்தக் கேடு பணியில் நேர்ந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, சிப்பாயுடையது அல்ல. சேரும்போது இந்த நோயைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று குழு கருதினால், ஏன் என்று காரணம் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் அதன் பலன் சிப்பாய்க்கே.

2025 மே மாதம் ராஜுமோன் என்ற முன்னாள் வீரரின் வழக்கிலும் இதே கேள்வி வந்தது. மனச்சிதைவு நோயால் வெளியே அனுப்பப்பட்டவர் அவர். காரணம் எழுதாத மருத்துவக் குழுவின் முடிவை வைத்துக்கொண்டு பென்ஷனை மறுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே கடிதம் கையில் கிடைத்ததும் முதலில் தேட வேண்டியது குழு சொன்ன முடிவை அல்ல, அதற்கு அது எழுதிய காரணத்தை. 'உடல்வாகு' என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கிறதா, அதற்கு மேல் ஏதாவது விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். எல்லா வழக்கும் ஜெயிக்காது. 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கில், மனச்சிதைவு நோய் என்றாலே பணியால் வந்தது என்று தானாகக் கொள்ள முடியாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2022-ல் முனுசாமி வழக்கில், நிபுணர்களான மருத்துவக் குழுவின் கருத்தை ஒதுக்கிவிட்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயம் தன் கருத்தை வைக்க முடியாது என்றது. "ஜெயிச்சுத் தாரேன்" என்று யாராவது கைமேல் அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். குழு நல்ல காரணம் எழுதியிருந்தால் வழக்கு கடினம்தான். பெரும்பாலான பழைய காகிதங்களில் அப்படி எழுதியிருப்பதில்லை.

"பிரஷரும் சுகரும் ஊருல இருக்கவனுக்கும் வருதே"

வருகிறது. அதை வைத்துத்தான் 'வாழ்க்கைமுறை நோய்' என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளில் நீ அமைதிப் பகுதியில்தானே இருந்தாய், பின் பணி எப்படிக் காரணம் ஆகும் என்பது இன்னொரு வாதம்.

பிசான அறுவடைக்கு நடுவில் ஊரை விட்டுப் போகிற 19 வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். ஆற்றுத் தண்ணீரிலும் வெயிலிலும் வளர்ந்த உடம்பு. சில வருஷத்தில் லே நகரத்தில் நிற்கிறான். அங்கே உயரம் ஏறக்குறைய 3,500 மீட்டர். நம் ஊரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். சியாச்சினில் 18,000 அடிக்கு மேலேயும் காவல்நிலைகள் உண்டு. குறைந்த காற்றுக்கு ஈடுகொடுக்க உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டுகிறது, ரத்தம் தடிக்கிறது, தூக்கம் கெடுகிறது. இரண்டு வருஷம் அங்கே. பிறகு ராஜஸ்தான் மணலில். பிறகு வீட்டுக்கு ஃபோன்கூட எட்டாத ஒரு போஸ்டில், பிள்ளை பிறந்த செய்தி நாலு நாள் கழித்து வந்து சேர்கிற இடத்தில். ரத்தக்கொதிப்பு ஒரே நாளில் வருவதில்லை. வருஷக்கணக்கில் ஏறி, ஏதோ ஓர் அமைதியான கன்டோன்மென்ட்டில் வழக்கமான பரிசோதனையின்போது கருவியில் தெரிகிறது. தெரிந்த இடத்தைத் தொடங்கிய இடமாக எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

நீதிமன்றங்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கின்றன. முப்பது வருஷம் பணியாற்றிய ஒருவருக்குச் சர்க்கரை நோய் வந்த வழக்கில், காரணம் காட்டாத மருத்துவக் குழுவின் கருத்தை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு பணியிலிருந்து வந்தவர்களுக்குப் புதிய உரிமை விதிகள் பொருந்தும். முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வுபெறுகிறவர் வாங்கும் தொகைக்கு அதில் பெயரே வேறு, கணக்கும் வேறு. பழைய தீர்ப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டு புதியவர்கள் கிளம்பக் கூடாது.

"நானாக் கேட்டுத்தானே வந்தேன்"

குடும்பச் சூழ்நிலையால் முன்கூட்டியே டிஸ்சார்ஜ் வாங்கி வந்தவர்கள் இங்கே நிறைய. அப்பா படுக்கையில், தங்கச்சி கல்யாணம், நிலத்தைப் பார்க்க ஆளில்லை. ஒரு காலத்தில் அப்படி வந்தவர்களுக்கு ஊன பென்ஷன் கிடையாது என்பதுதான் விதி. 2009 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் அதை மாற்றியது; 2006 ஜனவரி 1-க்குப் பிறகு அப்படி வந்தவர்களுக்கு வழி திறந்தது. பழைய விதியையே இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு.

லீவில் அடிபட்டால் கிடைக்குமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. எல்லையிலிருந்து நெல்லை ஜங்ஷன் வந்து இறங்க மூன்று நாள் ஆகும். அந்தப் பயணம் பணியின் தொடர்ச்சியா? லீவில் ஊருக்குப் போகும் வழியில் ரயிலிலிருந்து இறங்கும்போது கையை இழந்த மதன் சிங் ஷெகாவத்துக்கு, 1999-ல் உச்ச நீதிமன்றம் ஊன பென்ஷன் கொடுக்கச் சொன்னது. ஆனால் லீவில் இருந்தபோது சாலை விபத்தில் அடிபட்ட ஜுஜார் சிங்குக்கு 2011-ல் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. வருகிற வழியும் போகிற வழியும் ஒன்று; ஊரில் இருக்கும் நாட்கள் வேறு. கோயில் கொடை பார்க்கப் பைக்கில் போய் விழுந்ததற்கும் பணிக்கும் தொடர்பு காட்டுவது மிகக் கடினம்.

"முப்பது போட்டிருக்கான், முப்பதுதான்"

முழு ஊனத்துக்கு, அதாவது நூறு சதவீதத்துக்கு, கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் ஊனப் பகுதியாகக் கிடைக்கும். பணிக்காக வரும் பென்ஷன் தனி. இது அதற்கு மேலே, அகவிலை நிவாரணமும் சேர்த்து. ஊனம் குறைந்தால் தொகையும் அதே விகிதத்தில் குறையும். ஆனால் ஒரு முழுமையாக்கும் கணக்கு இருக்கிறது: 50-க்குக் கீழே இருப்பதை 50 ஆகவும், 50-லிருந்து 75 வரை இருப்பதை 75 ஆகவும், அதற்கு மேல் இருப்பதை 100 ஆகவும் கொள்வது. கடைசி ஊதியம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீத ஊனத்துக்கு மாதம் 5,400. அதையே 50 ஆக்கினால் 9,000. மாதம் 3,600 ரூபாய் வித்தியாசம், ஆயுள் முழுக்க.

உடல்நலக் காரணத்தால் வெளியே அனுப்பப்பட்ட, அதாவது 'போர்டு அவுட்' ஆனவர்களுக்கு மட்டுமே இந்தக் கணக்கு என்று அரசு சொல்லிவந்தது. முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதன் பிறகும் பழைய ஓய்வூதியர்கள் பலர் தீர்ப்பாயத்துக்குப் போய்த்தான் இதை வாங்குகிறார்கள். உங்கள் பென்ஷன் ஆணையை (பிபிஓ) எடுத்து ஊனப் பகுதி எத்தனை சதவீதத்துக்குக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

20 சதவீதத்துக்குக் கீழே என்று எழுதிப் போர்டு அவுட் செய்தவர்களுக்கும் வழியுண்டு. வெளியே அனுப்பும் அளவுக்கு ஒரு நோய் இருந்தால் அது 20 சதவீதத்துக்குக் குறைவாக எப்படி இருக்க முடியும் என்று 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில் நீதிமன்றம் கேட்டது. சியாச்சினில் பணியாற்றி, வலிப்பு நோயால் 1989-ல் வெளியே அனுப்பப்பட்ட பிஜேந்தர் சிங்குக்கு, அந்த அடிப்படையில் 50 சதவீதம் தர உத்தரவானது 2025-ல். முப்பத்தாறு வருஷம்.

"காலம் கடந்து போச்சு, தம்பி"

தீர்ப்பாயச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருப்பது உண்மை. ஆனால் பென்ஷன் மறுப்பு ஒரு நாளில் முடிந்துபோகிற தவறு அல்ல. ஒவ்வொரு மாதமும் புதிதாக நடக்கிற தவறு. 2008-ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. 1983-ல் வெளியே அனுப்பப்பட்ட அவர் 1999-ல்தான் நீதிமன்றம் வந்தார். உரிமை இருக்கிறது, ஆனால் நிலுவைத் தொகை, மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று முடிவானது.

ஆகவே கதவு அடைபடவில்லை. ஆனால் நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு மாதமும் பின்னால் ஒரு மாத நிலுவை கழன்று போகிறது. பொங்கல் கழியட்டும், ஆனி கழியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் கணக்குப் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

"கொக்கிரகுளத்துல மனு குடுத்திருக்கேன்"

கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்குப் போவது நல்லதுதான். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழிகாட்டும், மனுவை அனுப்பியும் வைக்கும். ஆனால் ஊன பென்ஷனைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இல்லை. அது ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீஸ், பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகம், மேல்முறையீட்டுக் குழுக்கள் என்று பாதுகாப்பு அமைச்சகத்தின் பாதையில் போகிற விஷயம். முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, பிறகு சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் உண்டு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது.

இதே மாதிரி இன்னொரு குழப்பம், ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் வாங்கிய மாற்றுத்திறனாளி சான்றிதழ். 2016-ம் வருஷச் சட்டப்படி 40 சதவீதம் இருந்தால் வேறு பல சலுகைகளுக்கு அது உதவும். ராணுவ மருத்துவக் குழுவின் இடத்தில் அதை வைக்க முடியாது. ஆனால் நோய் முற்றிவிட்டது என்றால் மறுமதிப்பீடு கேட்டு ராணுவ மருத்துவக் குழு முன் போகலாம். அப்போது ஹைகிரவுண்டு சீட்டுகளும் ஸ்கேன்களும் கைகொடுக்கும். எதையும் தூரப் போடாதீர்கள்.

புரோக்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நிலுவையில் கால் பங்கு, பாதிப் பங்கு என்று பேரம் பேசுகிறவர்கள் நம் ஊர்ப் பக்கம் நடமாடுகிறார்கள். வழக்கறிஞராக இருந்தால், ஜெயித்த பணத்தில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. 2025 ஜூலை 26 முதல் வீர் பரிவார் சகாயதா திட்டத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான சைனிக் போர்டுகளிலேயே சட்ட உதவி மையங்கள் அமைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமல் நேரில் நின்றும் பேசலாம்.

இரண்டு பேரை மறந்துவிடுகிறோம்

ஒருவர் விதவை. கணவர் இறந்ததும் எந்தக் குடும்ப பென்ஷன் வருகிறதோ அதுவே சரி என்று வாங்கிக்கொள்கிறார்கள். சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். மரணத்துக்குப் பணி காரணம் என்றால் சிறப்புக் குடும்ப பென்ஷன், 60 சதவீதம். சரிபாதி வித்தியாசம். சாவுச் சான்றிதழில் என்ன நோய் எழுதியிருக்கிறது, அதே நோய் பட்டாளத்து மருத்துவக் காகிதத்தில் இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். பதினாறாம் நாள் முடிவதற்குள் பழைய மருந்துச் சீட்டுகளை ஆற்றில் விட்டுவிடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், அத்தை, வையுங்கள்.

இன்னொருவர் அக்னிவீர். 2022 முதல் சேர்ந்த பையன்களுக்கு இந்த பென்ஷனே கிடையாது. பணியால் வந்த ஊனம் 50, 75, 100 சதவீதம் என்றால் முறையே 15, 25, 44 லட்சம் ரூபாய் ஒரே தடவையாகக் கருணைத்தொகை. 20 வயதில் முதுகெலும்பு போனவனுக்கு அறுபது வருஷத்தை அந்தத் தொகை எப்படித் தாங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சேருவதற்கு முன்னால் பெற்றோர்கள் இந்தக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் எழுதித் தருவது ஒரு பக்கத் தகவல் உரிமை மனு. ரெக்கார்டு ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனுக்குப் போகும். மூன்று நகல்கள் கேட்க வேண்டும்: சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனைக் குறிப்பு, வெளியே வரும்போது மருத்துவக் குழு எழுதிய முழு அறிக்கை, எந்த வருஷம் எந்த இடத்தில் பணி என்ற பட்டியல். முதல் காகிதத்தில் நோய் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது, நடுவில் நடந்ததை மூன்றாவது சொல்லும்.

போன மாதம் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு நாயக் வந்தார். வயது 71, இடது காது முழுக்கக் கேட்காது. கூட வந்த மருமகள்தான் பேசினாள். பீரங்கிப் படையில் 17 வருஷம் இருந்தவர். அவர் கொண்டுவந்த கடிதமும் நாலாக மடித்துத்தான் இருந்தது, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. மனுவை எழுதி, அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அவர் பேனாவை வைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்து, "முதல்ல வாசி, தாயி. நான் அன்னைக்கு வாசிக்காம போட்டுட்டேன்" என்றார். அவள் அவருடைய வலது காதருகே குனிந்து முதல் வரியிலிருந்து வாசித்தாள்.